ஊட்டியா, ஜப்பானா?

விழுப்புரம் ஸ்டேஷன் முன்பதிவு வரிசையில் எனக்கு முன்னால் புதுமணத் தம்பதி. கல்யாணத்துக்குப் பின் முதல் பயணமாம். ஊட்டி போக அவள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"ஊட்டி வேணாம் கவிதா. ரெண்டு வருசம் பொறு, ஜப்பானே போவலாம். நான் ஆடுற வீடியோ கேம்ல வர்ற தெரு அங்க நெசமாவே இருக்குது. சந்து பொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி."

"திண்டிவனத்துல எங்க சித்தி வூட்டுக்கு வழி தெரியாம சுத்திக்கினு இருந்தீங்களே, அந்த மாதிரியா?"

"கேம்ல அந்த ஜப்பான் தெருவுல எவ்ளோ சண்ட போட்டிருக்கேன் தெரியுமா?"

"ஜெயிச்சீங்களா?"

"எங்க... நூறு வாட்டி செத்திருப்பேன்."

"செத்த எடத்துக்கு டூரு வேறயா?"

அவர்கள் முறை வந்தது. படிவத்தில் ஒரு பெயரை அடித்து, வேறொன்றை எழுதி நீட்டினாள்.

"அடிச்சிருக்கிறது யாரும்மா?" என்றார் கவுண்டர்க்காரர்.

"எங்க வூட்டுக்காரர் சார். அவரு ஜப்பான் போறாராம். எங்கம்மா வர்றாங்க."