எட்டு நாள் ஜாஸ்தி

பட்டினப்பாக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் காலிக் கூடைகளோடு மீன்காரப் பெண்கள் இருவர் ஏறினார்கள். சிலுவை அணிந்தவள்தான் ஆரம்பித்தாள்.

“உங்க சாமி உனக்கு எட்டு நாள் ஜாஸ்தி குடுக்குதுக்கா.”

“இன்னாடி எட்டு நாள்?”

“எங்க வூட்டுக்காரு தவக்காலம் நாப்பது நாள்தான் குடிக்கமாட்டாரு. ஈஸ்டர் அன்னிக்கே ஆரம்பிச்சுருவாரு. உன் புருசன் மாலை போட்டா நாப்பத்தெட்டு நாள் சரக்கத் தொடறதில்ல. உன்னியே ‘சாமி’ன்னு வேற கூப்புடுறாரு.”

“பதினாறு வருசமா நான் கெஞ்சுறேன், எனக்காவ ஒரு நாள் வுட்டதில்ல. அந்த ஐயப்பன் வாயத் தொறந்து கேக்கவேயில்ல, வுட்டுட்டாரு.”

ஆட்டோ சாந்தோமைத் தாண்டியது.

“ஏன்க்கா, எங்க ஆளும் கார்த்திகைக்கு மாலை போட்டுக்கலாமா?”

“அப்ப உனுக்கு எம்பத்தெட்டு நாள் ஆயிடுமேடி,” என்றாள் மற்றவள். அவள் சிரிக்கவில்லை.