லாரி வராத ரோடு

ஐயா, என் சைக்கிளைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் புங்கமரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன். ஸ்டாண்டு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. யாராவது இடித்தால் சாய்ந்துவிடும், உங்கள் ஆட்களிடம் சொல்லி வையுங்கள். வாயால் சொன்னால் முன்னே பின்னே ஆகிவிடும் என்பதால் எல்லாவற்றையும் எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். என் பெயர் பூபாலன். வயது ஐம்பத்து மூன்று. திருத்தணி ரயிலடிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து முதல் ரயிலில் சைக்கிளோடு வந்து இறங்குகிற கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காற்றடிக்க என் கடைக்குத்தான் வருவார்கள். அவர்களை மலைக்குப் பின்புறம் காப்புக்காட்டு ரோட்டுக்குக் கூட்டிப் போவது நான். ஆந்திர எல்லை வரைக்கும் ஒன்பது கிலோமீட்டர். ஏறி இறங்கி, வளைந்து வளைந்து போகும். இரண்டு பக்கமும் உசிலும் ஆவாரையும்தான். ஒரு ஹாரன் கேட்காது. போன மாதம் அனுராதா என்கிற மேடம் பாதி வழியில் இறங்கி நின்று, "எப்படிங்க இந்தக் காலத்துல ஒரு ரோட்டுல ஒரு வண்டி கூட இல்ல?" என்று கேட்டார்கள். அது பெரிய கதை மேடம் என்று சொல்லிச் சமாளித்தேன். கதை ஒன்றும் பெரிதில்லை.

நான் இருபத்திரண்டு வயதிலிருந்து அந்த ரோட்டில் தினமும் காலையில் ஓட்டுகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயிலுக்கும் எப்போதாவதுதான் போவேன். கடை திறப்பதற்கு முன் அந்த ஒரு மணி நேரம்தான் நான் சந்தோஷமாக இருந்த நேரம், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிறகு உள்ளே கல்குவாரி வந்தது. டிப்பர் லாரிகள் ஒரு நாளைக்கு நூறு நடை போயின. ஆவாரம்பூ எல்லாம் சிமெண்ட் நிறத்துக்கு வந்துவிட்டது. லாரி வந்தால் நான் இறங்கி ஓரத்தில் முள்ளுக்குள் நிற்க வேண்டும். என் ரோட்டில் நான் நிற்க வேண்டும்.

மேட்டுக் கிராமத்துத் துரைக்கண்ணுவும் நானும் சேர்ந்து மனு எழுத ஆரம்பித்தோம். அவர் கூலி வேலைக்குப் போகிறவர், எல்லைப் பக்கத்து வழக்கப்படி என்னை மச்சான் முறை வைத்துப் பாவா என்றுதான் கூப்பிடுவார். அவர் பெண் உதயாவும் இன்னும் நான்கு பெண்களும் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் தருகிற இலவச சைக்கிளில். பள்ளிக்கூடத்தில் அந்தச் சைக்கிள்களைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்ததே நான்தான். முதல் மனுவில் ஐந்து பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். உதயா மட்டும் தலைமையாசிரியையிடம் பச்சை மைப் பேனாவைக் கேட்டு வாங்கி, முதல் ஆளாகப் போட்டாள். "பச்சைல போட்டா ஆபீசர் கையெழுத்துன்னு பயந்துக்குவாங்க மாமா" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுநாள். அங்கே மனு வாங்குகிற எழுத்தர் நல்ல மனிதர், உட்காரச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"இதுவரைக்கும் உயிர்ச்சேதம் எதுனா ஆயிருக்குதாங்க?"

"இல்லீங்க."

"அப்ப கொஞ்சம் வெயிட் பண்ணுங்க. உயிர்ச்சேதம் ஆன ரோடே எவ்ளோ நிக்குது."

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு வரிசை இருக்கிறது, அதில் யார் முன்னால் என்பதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. அவர் அதை ஒளிக்காமல் சொன்னார். ஆறாவது மனுவுக்குப் பிறகு ஆடு மேய்க்கிற தங்கவேல் கிழவர் லாரியில் அடிபட்டு இறந்தார். ஒரு மணி நேரம் மறியல் செய்தோம். கிழவர் குடித்திருந்தார் என்று யாரோ சொன்னார்கள். அது உண்மைதான். மறுநாள் காலையில் லாரி ஓடியது. துரைக்கண்ணு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை. எனக்கு அன்றைக்கு ஒரு விஷயம் புரிந்தது.

உயிர்ச்சேதம் என்றால் எந்த உயிரும் அல்ல. யாரும் ஒரு குறை சொல்ல முடியாத ஆளாக இருக்க வேண்டும். குடித்திருந்தான், காதில் போன் வைத்திருந்தான், தப்பான பக்கம் வந்தான் என்று ஒரு பேச்சு வந்தாலும் காரியம் கெட்டுவிடும். சீருடையில் இருந்தால் நல்லது. அரசாங்க முத்திரை உள்ள வண்டியாக இருந்தால் அதிகாரிகளால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் என்றால் பத்திரிகைக்காரர்கள் கேட்டு வந்து போடுவார்கள். இதையெல்லாம் பல மாதம் யோசித்தேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். எனக்கு ஆத்திரமே வராது, கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் உதயா கடைக்கு வந்தாள்.

"மாமா, பிரேக்கு கத்துது. லாரிக்காரனே திரும்பிப் பாக்கறான்."

"உடு, பாக்கறேன்."

நான் வேலை செய்கிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் ரயிலில் காலேஜுக்குப் போவாளாம், இந்த வண்டியைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிடுவாளாம். "அவ ஓட்டி ஒடச்சிடுவா மாமா, நைனா கேக்கவே மாட்டேங்கறாரு" என்றாள். பிரேக் கட்டையைத் தேய்த்துச் சத்தத்தை நிறுத்தினேன். அதை ஒழுங்காகத்தான் செய்தேன். பிறகு முன்னும் பின்னும் பிரேக் கம்பியைப் பிடித்திருக்கிற சின்னத் திருகுகளைத் தளர்த்திவிட்டேன். லேசாகப் பிடித்தால் தாங்கும். இறுக்கிப் பிடித்தால் கழன்றுவிடும். சாயந்திரம் வீட்டுக்குப் போவது முழுக்க ஏற்றம், பிரேக் வேண்டியதில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்கு வருவது இறக்கம். இறக்கத்தின் முடிவில்தான் குவாரி லாரிகள் ரோட்டில் ஏறுகிற வளைவு.

லாரி அந்த நேரத்தில் அங்கே வர வேண்டும் என்று நான் ஏற்பாடு செய்யவில்லை. அது என் கையில் இல்லை. மிச்சத்தைத் தணிகை முருகனிடம் விட்டுவிட்டேன், அதனால் நான் செய்தது பாதிதான் என்று நினைக்கிறேன். மறுநாள் காலை எட்டேகாலுக்கு வளைவில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். "மாமா" என்று கூப்பிட்டாள். பயத்தில் கூப்பிட்டாளா, எப்போதும் போலக் கூப்பிட்டாளா என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். எப்போதும் போலத்தான் என்று முடிவு செய்திருக்கிறேன்.

எல்லோரும் அவளிடம் ஓடினபோது நான் ரோட்டில் இருந்த இரண்டு திருகுகளைப் பொறுக்கிக்கொண்டேன். வண்டி நசுங்கிப் போயிருந்ததால் அதை யாரும் பார்க்கவில்லை. மறியல் ஐந்து மணி நேரம் நடந்தது. பெரிய அதிகாரிகள் எல்லாம் வந்தார்கள். கோரிக்கைகளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். துரைக்கண்ணு என் கையை விடவே இல்லை. "இனிமே எவனும் இந்த வழியில வரக்கூடாது பாவா, ஒருத்தனும் வரக்கூடாது" என்று அழுதுகொண்டே இருந்தார். அன்றைக்கே குவாரியை நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் வளைவில் இரும்புத் தடுப்புப் போட்டார்கள். எட்டு மனுவில் நடக்காதது.

அடுத்த மழைக்கு ஆவாரை மஞ்சளாகப் பூத்தது. காலையில் ஓட்டும்போது மலைமேல் கோயில் மணி கேட்டது. பதினான்கு மாதம் அந்த ரோட்டில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மற்ற நான்கு பெண்களை வீட்டில் சைக்கிள் எடுக்க விடவில்லை. ஒருத்திக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள். வண்டிகள் மாட்டுக்கொட்டகையில் துருப்பிடிக்கின்றன. நானே வந்து எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்கிறவர்கள் இல்லை. அவர்களுக்காகத் திறந்துவிட்ட ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை சென்னைக்காரர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது தை மாதத்திலிருந்து குவாரி மறுபடி ஓடப்போகிறது. ஒன்பதாவது மனு கொண்டுபோனேன். எழுத்தர் மாறிவிட்டார். இவரும் உட்காரச் சொன்னார். "அந்த ரோட்ல ஒரு வருஷமா உயிர்ச்சேதம் எதுனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இல்லைதானே. திரும்பி வந்தால் கடை வாசலில் துரைக்கண்ணு நின்றிருந்தார். "அப்ப எம் பொண்ணு சும்மாதான் செத்தாளா பாவா?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் இவ்வளவு வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

அதனால்தான் வந்திருக்கிறேன். இன்னொரு பெண்ணை என்னால் தேட முடியாது, அந்த ரோட்டில் இப்போது பெண்களே இல்லை. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். கொலை வழக்கு முடிய ஏழெட்டு வருடம் ஆகுமாம். சம்பவ இடம் வழக்கில் இருக்கும்போது குவாரிக்காரர் அவ்வளவு சுலபமாக லாரி விட முடியாதாம். அந்த ஏழெட்டு வருடம் போதும். இதைப் பத்தாவது மனுவாக எடுத்துக்கொண்டு சீக்கிரம் வழக்குப் பதிவு செய்ய வேண்டும்.

உறையில் இரண்டு திருகுகள் வைத்திருக்கிறேன். முதல் மனுவின் நகலையும் வைத்திருக்கிறேன், அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். லாரிகளை நிறுத்த வேண்டும் என்பதன் கீழே, முதலில், பச்சை மையில் உதயாவின் கையெழுத்து இருக்கிறது. அவள் சம்மதம் இல்லாமல் நான் எதுவும் செய்யவில்லை.