கிறிஸ்துமஸ் மரம் அறுக்க வாங்கிய மெஷின்

பெயர் முத்தாயம்மாள், வயது எழுபத்தொன்று, காலஞ்சென்ற அர்த்தநாரியின் மனைவி. பரமத்தி வேலூருக்கு மேற்கே வாய்க்கால் கரைத் தோட்டத்து வீட்டில் குடியிருந்து வருகிறேன். வாழையும் கரும்பும் விவசாயம். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். குடும்பத்தில் யார் யார் என்று கேட்டதற்குச் சொல்வது என்னவென்றால், மூத்த பேத்தி பிரவீனா மாட்டு டாக்டருக்குப் படித்துத் தங்க மெடல் வாங்கியவள், இப்போது அரசாங்க வேலையில் இருக்கிறாள். இளைய பேத்தி நித்யஸ்ரீ பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க், கபடியிலும் மாவட்ட அணிக்கு ஆடியிருக்கிறாள். பேரன் கவின் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் முடித்து பெங்களூர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே விவசாய மெஷின்களைப் பற்றி செல்போனில் வீடியோ போடுகிறான், அவன் போடுவதை லட்சம் பேர் பார்க்கிறார்கள். இந்த விவரம் வழக்குக்கு வேண்டியதில்லை என்று இதை எழுதும் ஏட்டம்மா அறிவுச்செல்வி சொன்னார். மற்றதை விட்டாலும் லட்சம் பேர் என்பது வேண்டியிருக்கும், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

என் வீட்டு வாசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிறிஸ்துமஸ் மரங்கள் இருந்தன. என் வீட்டுக்காரர் ஏற்காடு மலர்க் கண்காட்சிக்குப் போனபோது தொட்டியோடு வாங்கி வந்து வைத்தவை. ஊசி ஊசியாக இலை விட்டுத் தென்னைக்கு மேலே போய்விட்டன. கிழக்குப் பக்கத்து மரம் இரண்டு வருஷமாகப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியசாமியின் ஓட்டு வீட்டுப் பக்கம் சாய ஆரம்பித்தது. அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஆடிக் காற்று அடிக்கும்போதெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளாது, சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துபோய் மரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன். அதன் பிறகு இரண்டையும் எடுத்துவிடுவது என்று குடும்பத்தில் முடிவு செய்தோம்.

எங்கள் பக்கம் மரம் அறுக்கும் குணசீலனிடம் சொன்னதற்கு, தன்னிடம் இருப்பது தென்னை மட்டை, வேலிமரம் அறுக்கும் சின்ன மெஷின், இத்தனை பெருத்த மரத்துக்குக் காணாது என்று சொன்னார். அதற்கு என் பேரன் கவின், தோட்டத்துக்கு எப்படியும் ஒன்று வேண்டும், நாமே வாங்கிவிடலாம் என்று சொல்லி, செல்போனில் ஒரு மெஷினைக் காட்டினான். அன்று ராத்திரி முழுக்க அவன் ஒன்று மாற்றி ஒன்று பார்த்துக்கொண்டிருந்தான். பேட்டரியில் ஓடுவது, கரண்டில் ஓடுவது, பெட்ரோலில் ஓடுவது என்று காட்டக் காட்ட எனக்குத் தலை சுற்றியது. கெட்டுப்போனால் எவன் வந்து பார்ப்பான் என்று நான் கேட்டேன். அதன் பிறகு கடையில் போய் வாங்குவது என்று ஆயிற்று.

நான் மாட்டுக் கயிற்றால் மரத்தின் அடியைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டேன். நானும் கவினும் குணசீலனும் நாமக்கல்லில் உள்ள அன்பழகன் என்பவரின் கடைக்குப் போனோம். அவரை எனக்கு அதற்கு முன் பழக்கம் இல்லை. அவர் என் கயிற்றை வாங்கித் தரையில் வட்டமாகப் போட்டார். மெஷினில் செயின் சுற்றி ஓடுவதற்கு நீளமான இரும்புப் பட்டை ஒன்று உண்டு, அதைக் கடையில் பார் என்கிறார்கள். சின்னதும் பெரியதுமாக அந்தப் பார்களை எடுத்து வட்டத்தின் மேல் வைத்து வைத்துக் காட்டினார். கவின் கேட்ட மெஷினின் பார் வட்டத்தில் பாதிதான் வந்தது.

"தம்பி, இதுல அறுக்கலாமுங்க. ஆனா சுத்திச் சுத்தி வந்து அறுக்கோணும். சாயற மரத்துல அந்த ஆட்டம் ஆகாதுங்க" என்று அன்பழகன் சொன்னார்.

அதற்குக் கவின், வெளிநாட்டில் இதை வைத்தே இதைவிடப் பெரிய மரத்தைச் சாய்க்கிறார்கள், வீடியோ இருக்கிறது என்றான். "வீடியோவுல மரம் உளுந்தது தெரியுமுங்க, யாரு மேல உளுந்துச்சுன்னு தெரியாதுங்க" என்று அன்பழகன் சொல்லவும் குணசீலன் சிரித்துவிட்டார். என் பேரனுக்கு முகம் வாடிவிட்டது. அது எனக்கும் பிடிக்கவில்லை, கடைக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் மூன்று மெஷின்களைக் குணசீலன் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். பிடிக்கப் போகிறவருக்குக் கை கடுத்தால் எத்தனை நல்ல மெஷினாக இருந்தாலும் வேண்டாம் என்றார். குணசீலன் கைக்கு வாகாக இருந்த பெரிய பார் மெஷினையே எடுத்துக்கொண்டோம். செயின் துள்ளினால் உடனே நிற்க வைக்கும் பிரேக்கைப் போட்டுக் காட்டினார். கிறிஸ்துமஸ் மரத்தில் பிசின் அதிகம், செயினைப் பிடித்துக்கொள்ளும், அதனால் எண்ணெய் நிற்காமல் போக வேண்டும் என்று சொன்னார். கடைக்குப் பின்னால் கிடந்த தென்னந்துண்டை அறுத்துக் காட்டிவிட்டு, ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு நேராக மெஷினை ஓட விட்டார். காகிதத்தில் கோடு போட்ட மாதிரி எண்ணெய் தெறித்தது. தினமும் அறுக்கும் முன் இந்தக் கோடு விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மரத்தில் வைக்க வேண்டும் என்று மூன்று பேரையும் பார்த்துச் சொன்னார். கவின் அவரை அந்த மெஷினோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்தான். அதன் பிறகு பாரைத் தனியாகக் கழற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் புது மெஷினுக்கு நான் பூசை போட்டேன். எங்கள் வீட்டில் டிராக்டர் வந்தாலும் மோட்டார் வந்தாலும் பூசை போடாமல் தொட மாட்டோம். வாழை இலையில் மெஷினையும் பக்கத்தில் பாரையும் வைத்து, சந்தனத்தைக் கெட்டியாக அரைத்துப் பொட்டு வைத்தேன். பாரின் அடிப்பக்கம் இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. பொட்டு வைக்க வாகாக இருந்தபடியால் அந்த இரண்டிலும் விரலால் அழுத்தி வைத்து மேலே குங்குமம் வைத்தேன். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை குணசீலன் வந்து பாரை மாட்டினார். பொட்டின் மேல் துண்டு வைத்துத் துடைக்கப் போனவர், பூசை போட்டது என்று தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே மாட்டிவிட்டார். அதன் பிறகு, "ஏனுங்கம்மா, ஒரு காயிதம் கொண்டாங்க, எண்ணெ வருதான்னு பாத்துக்கறேன்" என்று என்னிடம் கேட்டார். காற்று அதற்குள் கிளம்பிவிட்டது. மரம் அசைய அசைய நான் பெரியசாமியின் ஓட்டு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராகு காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"காயிதத்த அப்பறம் பாத்துக்கலாஞ் சாமி. மொதல்ல மரத்துல வெய்யி, நல்ல நேரம் போவுது" என்று நான் சொன்னேன்.

குணசீலன் மரத்தில் வைத்தார். கவின் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் வெட்டில் இருந்து புகை வந்தது. பிசின் எரிகிற வாசம் என்று நினைத்தோம். அதன் பிறகு செயின் இறுகி நின்று, அவர் ஆட்டி எடுக்கவும் மறுபடி ஓடி, அறுந்து வந்து அவருடைய இடது தொடையில் அடித்தது. நான் என் சேலையைக் கிழித்துக் கட்டினேன். டிராக்டரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் எப்போது நடப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை. பாதி அறுத்த மரத்தைத் தீயணைப்புக்காரர்கள் வந்து கயிறு கட்டி மேற்கே சாய்த்தார்கள். இன்னொரு மரம் இன்னும் நிற்கிறது.

அன்றைக்கே கவின், மட்டமான செயினைக் கொடுத்து ஏமாற்றிவிட்டதாக அன்பழகன் மேல் இந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தான். கடையில் எடுத்த போட்டோவையும் செல்போனில் போட்டு, இந்த ஆளிடம் மெஷின் வாங்காதீர்கள், ஒருவர் காலை வாங்கிவிட்டார் என்று எழுதினான். அதை நான் படித்தேன். அதன் பிறகு அன்பழகன் கடைக்கு ஆட்கள் வந்து சத்தம் போட்டதாகவும், வாங்கிய மெஷின்களைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் போட்டதாகவும், கடை ஷட்டர் இறங்கிக் கிடப்பதாகவும் கேள்விப்பட்டேன். ஏமாற்றுகிறவனுக்கு இது வேண்டியதுதான் என்று அப்போது நானும் சொன்னேன்.

இன்று காலை மெஷினை அடையாளம் காட்ட என்னை வரச் சொன்னார்கள். அன்பழகன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. மேசை மேல் பாரைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தார்கள், சூட்டில் நீலம் பாரித்திருந்தது. அதன் அடிப்பக்கம் நான் பொட்டு வைத்த இரண்டு ஓட்டைகளும் கருப்பாக அடைபட்டிருந்தன. இந்த ஓட்டை எதற்கு என்று ஏட்டம்மாவிடம் கேட்டேன். அவர் அன்பழகனைக் கேட்டார்.

"எண்ணெ செயினுக்குப் போற வழிங்க" என்று அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

அதன் பிறகு ஏட்டம்மா என் கொண்டை ஊசியை வாங்கி இன்ஸ்பெக்டர் முன்னிலையில் ஓட்டையைக் குத்தினார். மேலே கருகியிருந்தது உதிர்ந்து உள்ளே மஞ்சளாக வந்தது. முகர்ந்து பார்த்தேன், என் வீட்டுச் சந்தனம். எனக்கு உட்கார முடியவில்லை. இந்த வாக்குமூலத்தையும் நின்றுகொண்டேதான் சொல்கிறேன்.

வெளியே வராந்தாவில் கவினிடம் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பத்தா, இத நீ சொன்னீன்னா லட்சம் பேரு முன்னால எம் பேரு கெட்டுப்போயிரும். பேசாம ஊட்டுக்கு வா" என்றான். அந்த லட்சம் பேர்தானே சாமி அந்த ஆளையும் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அன்பழகன் கொடுத்த மெஷினில் குற்றம் இல்லை. எண்ணெய் வழியை அடைத்தது நான், காகிதம் வேண்டாம் என்று சொன்னதும் நான். குணசீலனை அவசரப்படுத்தியதும் நான்தான். இதை யாரும் சொல்லிக் கொடுத்து நான் சொல்லவில்லை. ஏட்டம்மா எழுதியதை என்னிடம் கொடுத்தார், எழுத்துக் கூட்டி நானே படித்தேன், நடந்தது நடந்தபடி இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் ஒன்றைச் சேர்த்து எழுதச் சொல்கிறேன். கவின் போட்ட அந்தப் பழைய படத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் புதுப் படம் ஒன்று போட வேண்டும். அதில் கடை திறந்திருக்க வேண்டும். அன்பழகன் நடுவில் நிற்க வேண்டும், பக்கத்தில் அந்தப் பாரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். இந்த அம்மாள்தான் எண்ணெய் வழியில் சந்தனத்தை அடைத்தது, இவர் என் அப்பத்தா என்று கவின் தன் கையாலேயே கீழே எழுத வேண்டும். நாளைக்கு நல்ல நேரம் எல்லாம் பார்க்க வேண்டாம், அவர் ஷட்டரைத் தூக்கும் நேரத்துக்கு நான் அங்கே வந்துவிடுகிறேன்.

(ஒப்பம்) அ. முத்தாயம்மாள்