பாதி முடிந்த வண்டியும் என் கணவரின் கணுக்காலும்

என் பெயரும் விலாசமும் இத்துடன் இணைத்த தாளில் உள்ளன. வயது நாற்பத்து மூன்று. தொழில், கடைசல் பட்டறையில் லேத் ஆபரேட்டர், பத்தொன்பது வருடமாக. காயம்பட்டவர் என் கணவர், துணிக்கடையில் மேற்பார்வையாளர். புகார் கொடுத்தவர் அவருடைய அக்கா, எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர். யாருடைய மிரட்டலும் இல்லாமல் நானாகச் சொல்வது பின்வருமாறு.

ஐந்து வருடத்துக்கு முன் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை ஒரு சட்டமும் மூன்று சாக்கு மூட்டையுமாக என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பு செய்த ஒற்றை சிலிண்டர் வண்டி. ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எட்டாம் நாள் ஒரு நட்டைக் கழற்றப் போய் அதன் ஆறு முனையையும் மழுக்கி வைத்தார். குரங்கு கையில் பூமாலை என்று கேள்விப்பட்டிருந்தேன், அன்று நேரில் பார்த்தேன். அதன் பிறகு ஸ்பேனரை நான் வாங்கிக்கொண்டேன், அவர் டார்ச் பிடித்தார். அதையும் என் கண்ணில்தான் அடிப்பார்.

அதன் பிறகு நாலரை வருடம், பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதலாளியைக் கேட்டுக்கொண்டு, வேண்டிய பாகங்களை நான் கடைந்தேன். சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து ரீபோர் செய்தேன். கியர் ஷாஃப்ட் சுழலும் வளையமான புஷ்ஷை மூன்று முறை கடைந்தேன், முதல் இரண்டும் தலைமுடி அளவு தளர்வு, தூக்கி எறிந்தேன். இரண்டு சக்கரத்துக்கும் ஸ்போக்ஸ் கட்டிக் கோட்டம் எடுத்தேன். சம்பவ நாளில் இன்ஜின் முடிந்திருந்தது, ஆனால் டேங்க் பெயின்ட் அடிக்காத வெறும் தகரம், ஹெட்லைட் கிடையாது, சீட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பலகை. எனக்கே எனக்கென்று நான் செய்த வேலை அது ஒன்றுதான், அதனால் அவசரப்படவில்லை.

என் கணவர் அந்த நாலரை வருடத்தில் செய்தது, பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தது. நான் முடித்த ஒவ்வொரு பாகத்தின் பக்கத்திலும் நின்று படம் எடுத்து அங்கே அனுப்புவார். சங்கத்தில் அவருக்கு 'இன்ஜினியர்' என்று பட்டப்பெயர். சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து "இன்ஜினியர் இருக்காரா?" என்று கேட்கும்போது முழங்கை வரை கிரீஸோடு கதவைத் திறப்பது நான். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பொம்பளை கையில் கறுப்பாக எது ஒட்டியிருந்தாலும் அது பாத்திரம் தேய்த்த கரிதான் என்று முடிவு கட்டுகிற அறிவாளிகள்.

அதன் பிறகு, அடுத்த மாத ஊர்வலத்தில் அவரவர் வண்டியை அவரவரே எல்லார் முன்னிலையிலும் கிளப்பி ஓட்ட வேண்டும் என்று சங்கத்தில் அறிவித்தார்கள். என் கணவருக்கு அந்த வண்டியைக் கிளப்பத் தெரியாது. கற்றுத்தருகிறேன் என்றேன். "எனக்கேவா?" என்றார். இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் முகம் தெளிந்துவிட்டது. வண்டியை விற்றுவிட்டால் ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார். பதிவுப் புத்தகம் அவர் பெயரில் இருந்ததால் என்னைக் கேட்கவும் தோன்றவில்லை.

வண்டியைப் பற்றி ஒன்றைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இடது கைப்பிடியில் டைமிங் லிவர் என்று விரல் நீளத்தில் ஒன்று உண்டு. உதைப்பதற்கு முன் அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முன்னால் இருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், அடித்தால் எலும்பு மிஞ்சாது. நான் எப்போதும் பின்னுக்குத் தள்ளித்தான் நிறுத்துவேன். முந்தின நாளும் அப்படித்தான் நிறுத்தினேன்.

சம்பவ நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். முன்பக்கக் கொட்டகையில் என் கணவர் மடிப்புக் கலையாத புது நீல மேலங்கி போட்டு, கன்னத்தில் பவுடர் பூசுவது போல் ஒரு விரல் கிரீஸ் பூசிக்கொண்டு நின்றார். துணியால் கைப்பிடியைத் துடைத்தவர், கிளட்ச் பிடிக்கு நேராக இருந்தால் பார்வையாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, லிவரை முன்னால் தள்ளினார். பக்கத்தில் அறிமுகமில்லாத ஒருவர் நின்றிருந்தார். யார் என்று கேட்டேன்.

"வண்டி வாங்க வந்திருக்கார், பல் டாக்டர். உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். அதன் பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "நம்ம வீட்டுல சார். இவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது" என்று சிரித்துவிட்டு, என்னை டீ போடச் சொன்னார்.

டீ போட்டுக் கொண்டுவந்தேன். டாக்டர் எண்ணெய் மூடியைக் கழற்றி அதன் மரையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "இந்த மரை யாருங்க வெட்டினது? இந்த அளவு இப்ப எங்கயும் வெட்ட மாட்டாங்களே" என்றார். அதற்கு என் கணவர், "நான்தான் சார். ஒரு சாயங்காலம் சும்மா உக்காந்திருந்தப்ப" என்றார்.

அந்த மரைக்கு லேத்தில் பல்சக்கரங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பதினோரு நாள் ஆனது. பொய் சொன்னதற்குக்கூட எனக்குக் கோபம் இல்லை, அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. 'சும்மா உக்காந்திருந்தப்ப' என்றாரே, அதற்குத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

அதன் பிறகு டாக்டர் ஒரு தடவை கிளப்பிக் காட்டச் சொன்னார். நாத்தனார் மாடிப்படியில் நின்றுகொண்டு, "என் தம்பி கை பட்டா இரும்புகூடப் பேசும்" என்றார். என் கணவர் ரப்பர் செருப்போடு கிக்கரில் காலை வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். லிவர் முன்னால் இருந்ததை நான் பார்த்தேன். 'இருங்க' என்று சொல்ல நேரம் இருந்தது. டாக்டர் குடித்துவிட்டு நீட்டிய டம்ளரை வாங்கிக்கொண்டு நின்றேன்.

முதல் உதையில் ஒன்றும் நடக்கவில்லை. "பழைய வண்டி சார், கொஞ்சம் முரண்டு பிடிக்கும்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இரண்டாவது உதையில் கிக்கர் திருப்பி அடித்தது. செருப்பு ஒரு பக்கம், இன்ஜினியர் ஒரு பக்கம்.

அதன் பிறகு டாக்டர் சீட்டுப் பலகையை எடுத்து, முறிந்த கணுக்கால் அசையாமல் வைத்துக் கட்டினார். அந்த வண்டியில் என் கணவருக்கு நேரடியாகப் பயன்பட்ட ஒரே பாகம் அதுதான். பக்கத்து வீட்டுக் காரில் அவரைப் படுக்க வைத்து நாத்தனார் கூடப் போனார், எனக்கு அதில் இடமில்லை. பஸ்ஸில் போகலாம் என்று வீட்டைப் பூட்டும்போது டாக்டர் அங்கேயே நின்றிருந்தார்.

"எதுக்குமா திருப்பி அடிச்சது?" என்று கேட்டார்.

"லிவர் முன்னால இருந்தா அடிக்கும் சார்."

லிவரைப் பின்னுக்குத் தள்ளி ஒரே உதையில் கிளப்பிக் காட்டினேன். ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் இவ்வளவு நேரம் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?" என்றார். என் வீட்டுக்காரரிடம் என்றேன். தான் கொண்டுவந்திருந்த, கையெழுத்தாகாத விற்பனைப் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேலை முழுதும் முடிந்து நானாக விற்பதாக இருந்தால் சொல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் அந்த டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து, நல்ல மனதோடுதான், நான் வண்டியைக் கிளப்பிய விதத்தை நாத்தனாரிடம் புகழ்ந்திருக்கிறார். அவர் போனதும் நாத்தனார் என்னிடம், "அப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சும் பார்த்துட்டுதானே நின்ன?" என்றார். "ஆமா அண்ணி, பார்த்துட்டுதான் நின்னேன்" என்றேன். என் கணவர் பக்கத்தில் படுத்தபடியே மாவுக்கட்டைப் படம் எடுத்து, அதிவேகச் சோதனையில் அடிபட்டதாகச் சங்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

புகாரை இன்று அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். லிவரை நானே மாற்றி வைத்தேன் என்பது பொய். தெரிந்தும் எச்சரிக்காமல் நின்றேன் என்பது உண்மை. அதற்கு என்ன பிரிவு உண்டோ அதைப் போட்டுக்கொள்ளலாம். "என் தம்பி ராப்பகலாகத் தன் கையாலேயே உருவாக்கிய வண்டி" என்று ஒரு வரி இருக்கிறது, அது பொய் என்றும் இதில் எழுதச் சொன்னேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "ஏம்மா, உங்களை உள்ள தள்ளக்கூடியதை ஒத்துக்கிறீங்க. கேஸுக்கே சம்பந்தமில்லாத இந்த வரிக்குப் போய் மல்லுக்கு நிக்கிறீங்களே, விட்டுடுங்க" என்றார். விட முடியாது, அந்த வண்டியை உருவாக்கியது நான், அதை எழுதினால்தான் கையெழுத்து என்றேன். எழுதினார்.

நான் சொன்னது சொன்னபடியே மேலே எழுதப்பட்டிருக்கிறது. படித்துப் பார்த்தேன். அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)
லேத் ஆபரேட்டர், வண்டியைச் செய்தவர்