நகலில் பேனா படக்கூடாது

சாயங்காலம் அஞ்சரை மணிதான்... ஆனா நம்ம தீவுகள்ல அதுவே கும்மிருட்டுன்னு உங்களுக்குச் சொல்லணுமா. எழுபத்திரண்டுல நடந்தது. தெற்குக் கோடியில இருக்கற கேம்பல் பே, அங்கே கப்பல் ஜெட்டியிலேருந்து ஆபீசுக்குப் போற ரோடு. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல். நடுவுல ஒரே ஆள்... நம்ம கோவிந்தராஜோட மச்சான் குழந்தைவேலு. பல்லைக் கடிச்சுக்கிட்டு வேகவேகமா நடக்கிறார்.

ஏன்னு சொல்றேன். நெருங்கி உட்காருங்க. ஜெயமணி, லாந்தரைக் குறைக்காதே, இருக்கட்டும்.

குடியேறினவங்க விவரமெல்லாம் ஒரே ரிஜிஸ்டர்ல, போர்ட் பிளேர் டெலானிபூர் ஆபீசுல இருந்தது. எந்தத் தீவுல யாருக்கு என்ன தெரியணும்னாலும் அங்கே போய்த்தான் முட்டி மோதணும். கூட்டம் தாங்கலை. அதனால முழு ரிஜிஸ்டரையும் நகல் எடுத்து, ஒவ்வொரு ஊர் ஆபீசுலயும் ஒண்ணு வச்சாங்க. பார்க்க மட்டும். நகல்ல பேனா படக்கூடாது. எழுதறது, அடிக்கிறது எல்லாம் போர்ட் பிளேர்ல. மாறின தாளைக் கப்பல் கொண்டு வரும். பழசை உருவிட்டுப் புதுசைக் கோக்கணும். கேம்பல் பேயில அந்த வேலை குழந்தைவேலுவுக்கு.

குடும்பத்துக்கு ஒரு தாள். அன்னிக்கு வந்ததுல அவர் குடும்பத்துத் தாளும் இருந்தது. அவர் பேருக்கு நேரா... 'இறந்துவிட்டார்'.

சிரிச்சுட்டார் மனுஷன். அப்புறம்தான் விஷயம் உறைச்சுது. அவர் சம்சாரம் மரகதம் போர்ட் பிளேர்ல நிறைமாசம். ராத்திரியே கப்பல் திரும்புது. கப்பல் சீட்டு தர்றது அந்த நகலைப் பார்த்துத்தான். ஜெட்டிக்கு ஓடி விஷயத்தைச் சொன்னார். சீட்டு தர்ற திருநாவுக்கரசு கையை விரிச்சுட்டார்.

"நகல்ல இருக்கறதுதான் பக்கா, பாயி. போர்ட் பிளேருக்கு எழுதிப் போடு."

"உங்க முன்னாடி நிக்கிறேனே சார்."

"நிக்கிறே, தெரியுது. நகல்ல இல்லையே."

"லெட்டர் போய், திருத்தி, அடுத்த கப்பல்ல வர்றதுக்குள்ளே குழந்தையே பொறந்துடும் சார்."

"க்யா கரேங்கே..." என்ன பண்றதுன்னு இந்தியில சொல்லிட்டு, திருநாவுக்கரசு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதான் அந்த நடை. ஆபீசைத் திறந்தார். விளக்கு ஏத்தினார். திருத்தம் வந்திருக்குன்னு காட்டி ஏறிடலாம்னு நினைப்பு. பேனாவை எடுத்து... நகல்ல அந்த வார்த்தையை ஒரே கோடா அடிச்சார்.

மை வாசனை வரலை. கடல்ல கிடந்து ஊறின துணி நாத்தம்.

பேனாவை மூடப் போனார்... கர்ர்... கர்ர்... நிப்பு தாள்ல உராயற சத்தம். அவர் பேனா கையில சும்மா இருக்கு. குனிஞ்சு பார்த்தார். தாளோட அடியில கூட்டுத்தொகை... 'இறந்தவர் ஒருவர்'. அது அப்படியே இருக்கு. மேலே புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர்தான். இவர் இல்லேன்னா அந்த ஒருத்தர் யாரு? கணக்கு நேராகணுமே... மரகதம் பேருக்கு நேரா எழுத்து ஊறி வருது. 'இ'... 'ற'... 'ந்'...

நானா இருந்தா ஓடியிருப்பேன். அவர் ஓடலை. அழுதுக்கிட்டே, தன் பேருக்கு நேரா தன் கையாலேயே மறுபடி எழுதினார். 'இறந்துவிட்டார்'.

சத்தம் நின்னுது. மரகதம் பேருகிட்ட வந்த எழுத்து வத்திப்போச்சு. வெளியே கப்பல் சங்கு ஊதிச்சு. கிளம்பிடுச்சு.

பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம்னு தந்தி வந்தது. அவர் மட்டும் அங்கேயே கிடக்கார். திருத்தம் கேட்டு ஒரு லெட்டர்கூட போடலை. போடப் பயம்... மேலே அடிச்சா, கீழே யாரு? இப்போ குடும்பத்துல மூணு பேர் வேற. மரகதம் கெஞ்சிக் கெஞ்சி எழுதறா. "இந்தத் தாள்கிட்ட நீயும் வராதே, நானும் வரலை"ன்னு பதில் போடறார். பிள்ளை முகத்தை இன்னும் பார்க்கலை.

கோவிந்தராஜ் இதை நம்பலை. போன மாசம் போர்ட் பிளேர் பக்கத்துல இருக்கற பெரார்கஞ்ச் ஆபீசுக்குப் போய், அங்கே இருக்கற நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கான். போர்ட் பிளேர்லேருந்து வந்த தாள். கேம்பல் பே பக்கமே தலைவச்சுப் படுக்காத குமாஸ்தா எழுதினது. எல்லா வரியும் அந்த ஆள் எழுத்து. அந்த ஒரு வார்த்தை மட்டும் மச்சானோட எழுத்து.

விரலை வச்சுப் பார்த்திருக்கான்... மை ஈரமா இருந்ததாம்.