கூட்டிய மணலில் ஆறு கட்டம்

இந்த மேடையில் எனக்கு மிக அருகில் அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், எங்கள் தமிழ்ப் பாடசாலைப் பொறுப்பாளர் நவரத்தினம் ஐயா அவர்களே! இரவு வேலை முடித்து, உறங்காமல் டென்மார்க்கின் இந்த ஹேர்னிங் மண்டபத்துக்கு ஓடி வந்திருக்கும் தாய்மாரே! பெரியோரே! மொழி புரியாமலும் முகம் மலர அமர்ந்திருக்கும் நகரசபை அலுவலர் கத்தரீனா அம்மையாரே! என்னோடு மணலில் முழந்தாளிட்ட தோழி துஷாராவே! அனைவருக்கும் அபிதாவின் பணிவான வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு ‘நாற்பதைத் தொட்டோம்’. மனப்பாடம் செய்த அந்தப் பேச்சை இன்று நான் பேசப் போவதில்லை. இதை ஒருவருக்கும் காட்டாமல் எழுதினேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் படித்து முடிப்பேன்.

நமது நகருக்குத் தெற்கே பழைய நிலக்கரிச் சுரங்க நிலம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தோண்டினார்கள், தோண்டினார்கள், மண்ணின் மடியையே புரட்டிப் போட்டார்கள். அமிலம் ஏறிப் புளித்த மணலில் புல்லும் முளைக்கவில்லை. அந்த நிலத்தைச் சீராக்கி, வேலி அடைத்து, ஒரு துண்டைக் கண்காணிக்கும் பொறுப்பைக் கத்தரீனா அம்மையார் நம்மிடம் தந்தார்.

எப்படி அளக்கிறோம்? ஒரு மீற்றர் சதுரச் சட்டம். அதற்குள் நூலால் பிரித்த நூறு கட்டம். அடையாளக் கட்டை நட்ட பத்து இடங்களில் சட்டத்தை வைத்து, உயிருள்ள செடி நிற்கும் கட்டங்களை எண்ணிச் சராசரி எடுப்போம். முதலாம் ஆண்டு பதினொன்று. இரண்டாம் ஆண்டு பத்தொன்பது. இந்த வசந்தத்தில் முப்பத்தொன்று! சாம்பல் நிறப் பாசி, ஊசி போன்ற புல், விரல் உயரத்தில் ஊதாப் பூச்செடி. நாற்பதைத் தொட்டால் வேலியை எடுத்து, வளர்த்தவர்களின் பெயரோடு ஒரு பலகை வைப்பார்கள். ஆட்கள் நடக்கலாம், குதிரைகள் ஓடலாம்.

சென்ற சனிக்கிழமை இறுதி அளவை. விசேஷ நாள் என்றால் நாம் என்ன செய்வோம்? கூட்டுவோம்! ஒரு சருகு இல்லாமல், மணலில் விளக்குமாற்றுக் கோடு தெரியக் கூட்டி வைப்பதுதானே நமக்கு மரியாதை? விடியவே ஆறு கார்களில் பெற்றோரின் சிரமதானப் படை வந்து இறங்கியது. சாப்பிட ரோல்ஸ் வந்தது, தேத்தண்ணி வந்தது, சருகு வாரும் பல் வைத்த இரும்பு வாரியும் வந்தது.

நானும் துஷாராவும் சட்டத்தோடு போய்ச் சேர்ந்தபோது நிலம் பளபளத்தது.

“அண்ணை, செடியெல்லாம் எங்கை?” என்று வாரி பிடித்து நின்றவரிடம் கேட்டாள் துஷாரா.

“எந்தச் செடி? வெறும் புல்லெல்லோ கிடந்தது! வடிவாத் துப்புரவாக்கியாச்சு. ஒரு ரோல்ஸ் சாப்பிடுங்கோ பிள்ளையள்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வாரி பிடித்த அண்ணையும் உங்களோடு சேர்ந்து சிரிக்கட்டும். அவர் மேல் குற்றமில்லை. மூன்று ஆண்டு அளந்த நாங்கள், எதை அளக்கிறோம் என்று வீட்டில் ஒரு நாளாவது சொன்னோமா?

அன்று எண்ணினோம். பத்து இடத்திலும் எண்ணினோம். அழுதுகொண்டே மறுபடி எண்ணினோம். சராசரி ஆறு.

தலைவர் அவர்களே, அப்போது நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: “நாப்பது எண்டு எழுதுங்கோ பிள்ளை. பலகையிலை எங்கடை பாடசாலைப் பேர் வரும். ஆர் போய் எண்ணப் போகினம்?”

பேச்சுப் போட்டியில் முதற்பரிசு வாங்கிய இந்த வாய் திறக்கவில்லை! அளவைப் படிவத்தில் பென்சிலால் நாற்பது என்று எழுதினேன். வீட்டுக்குப் போய் அழித்தேன்.

ஏன் அழித்தேன்? நாற்பது என்றால் வேலி போய்விடும். வெறும் மணலில் குதிரைக் குளம்பு இறங்கும். மிஞ்சிய ஆறு கட்டமும் மிதிபட்டுப் போகும். பலகையில் நம் பெயர் இருக்கும். பலகைக்குப் பின்னால் என்ன இருக்கும்?

அந்த ஆறு கட்டம் எங்கே பிழைத்தது தெரியுமா? அடையாளக் கட்டைகளைச் சுற்றி, வாரியின் பல் எட்டாத இடத்தில்! எண்பது ஆண்டு புளித்த மண்ணில் முளைத்த உயிர், நம் சுத்தத்துக்கும் தப்பி நிற்கிறது. அது நிற்கும்போது நான் நிற்கமாட்டேனா?

பின்வரிசையில் யாரோ “இறங்கு பிள்ளை” என்கிறீர்கள். இறங்குகிறேன் அண்ணை, இன்னும் ஒரு நிமிடம்.

படிவம் இதோ. பேனாவால் எழுதியிருக்கிறேன்: ஆறு. அதன் கீழே, ‘தவறுதலாகக் கூட்டப்பட்டது, வேலி தொடர்ந்து இருக்கட்டும்’ என்று டெனிஷில் எழுதியிருக்கிறேன். எண்ணியவர்களாக நானும் துஷாராவும் ஒப்பமிட்டோம். பொறுப்பாளரின் இடம் வெறுமையாக இருக்கிறது. இன்று இதே மேடையில் இது கத்தரீனா அம்மையார் கைக்குப் போக வேண்டும்.

ஐயா, எனக்குத் தமிழில் ‘உண்மை’ என்று எழுதப் பழக்கியது உங்கள் பாடசாலை. கையொப்பம் போடுங்கள். அடுத்த வசந்தம் எல்லோரும் வாருங்கள். வாரியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்து எங்களோடு முழந்தாளிட்டு எண்ணுங்கள். ஏழு வரும், பத்து வரும், நாற்பதும் வரும்!

பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றி. பேனாவின் மூடியைத் திறந்து உங்கள் முன் வைக்கிறேன், ஐயா. வணக்கம்.