கெம்புதூளு பாடாத வரி

காலை நாலே முக்காலுக்கு ஜேக்கப் எழுந்துவிடுவான். அலாரம் கிடையாது. பல் தேய்ப்பான். பால் காய்ச்சுவான். அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பான். காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். செருப்பு. சாவி. ஐந்து பத்துக்கெல்லாம் அவனுடைய பழைய வெள்ளைக் கார் மைசூரு ரிங் ரோட்டில் ஏறிவிடும். அந்த நேரத்தில் அங்கே பால் வண்டிகூட இருக்காது. ஒரு பக்கம் தைல மரங்கள். இன்னொரு பக்கம் கல் நட்டு விற்காமல் கிடக்கும் வீட்டு மனைகள். நடுவில் இவன் கார் ஒன்றுதான்.

ஏழு மாதம் இப்படித்தான்… ஒரு நாள் தவறாமல்.

ஜேக்கப் யாரென்றால், நம் குழந்தைசாமியின் பெரியப்பா மகன். குழந்தைசாமி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் திருத்தட்டும். திருத்த மாட்டான். இந்தக் கதையைச் சொல்லும்போது அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

கெம்புதூளு என்று ஒரு ராக் குழு இருந்தது. கன்னடத்தில் சிவப்புத் தூசி என்று அர்த்தம். மைசூருப் பையன்கள் நாலு பேர், ஒரு டயர் கடை மாடியில் கிட்டாரும் டிரம்ஸும் வைத்து ஆரம்பித்தது. ஜேக்கப்பின் மனைவி வினிதா அவர்களை முதன்முதலில் கேட்டது சர்ச் திருவிழா மைதானத்தில். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். நர்ஸ் படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள். பைத்தியம் மட்டும் தெளியவில்லை. ராத்திரி பஸ் ஏறி ஹுப்பள்ளிக்குப் போய்ப் பாட்டுக் கேட்டுவிட்டு, திரும்பி வந்து இறங்கி நேராக டியூட்டிக்குப் போனவள். ஜேக்கப்பை அவள் சந்தித்ததே அப்படி ஒரு கூட்டத்தில்தான். அவள் கையிலிருந்து இன்ஹேலர் தவறி விழுந்தது. இவன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு.

கெம்புதூளுவிடம் ஒரு வழக்கம் இருந்தது. 'கொனே பஸ்' என்று ஒரு பாட்டு. கடைசி பஸ்ஸில் வரவேண்டியவனுக்காக ஒருத்தி காத்திருக்கிற பாட்டு. அதன் கடைசி வரியை அவர்கள் பாட மாட்டார்கள். எல்லா வாத்தியமும் நின்றுவிடும். டிரம்ஸ்காரர் மட்டும் குச்சியால் விளிம்பில் நாலு தட்டு தட்டுவார். டக்… டக்… டக்… டக்… அந்த நாலு தட்டுக்குள் கூட்டம் பாட வேண்டும். 'பாகிலு தெகெதே இதே.' கதவு திறந்தேதான் இருக்கிறது. அவ்வளவுதான் வரி. சிடியிலும் அந்த இடம் காலிதான். கேட்கிறவன் தனியாகக் கேட்டாலும் பாடித்தான் ஆக வேண்டும். காலியாக விடக் கூடாது. ரசிகர்களுக்குள் அது சட்டம்.

வினிதா விட்டதே இல்லை. பஸ்ஸில், அடுப்படியில், ஊசி போட மருந்து ஏற்றும்போது. தன் கல்யாண வரவேற்பில் வாய் நிறைய பிரியாணியோடு பாடினாள். மேடையில் பக்கத்தில் நின்ற மாமியாருக்குப் புரையேறிவிட்டது. "இவளுக்கு ஜெபம் பண்ணணும்"னு அந்த அம்மா ஃபாதரிடமே சொன்னார்களாம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை… அவளுக்கு மூச்சு இறுகியது. இன்ஹேலர் கேட்கவில்லை. வீட்டில் வைத்திருந்த நெபுலைசரும் கேட்கவில்லை. "போலாம்" என்று அவளே சொன்னாள். காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, குனிந்து, முன்சீட்டின் முதுகைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்படி உட்கார்ந்தால் கொஞ்சம் மூச்சு வரும். அவள் வேலை செய்த பெரிய ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடி. ரிங் ரோட்டில் பாதி வழியில் சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் உண்டு. ராத்திரி முழுக்கப் பச்சை விளக்கு எரியும்.

பதற்றப்பட்டால் மூச்சு இன்னும் இறுகும் என்று அவள்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதனால் அவன் கெம்புதூளு சிடியைப் போட்டான்.

பச்சை விளக்கு தெரிந்தது. இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டான். அந்த நேரம் பார்த்து 'கொனே பஸ்' கடைசிக்கு வந்தது. டக்… டக்… பின்சீட்டிலிருந்து பாட்டு வந்தது. 'பாகிலு தெகெதே இதே.' தெளிவாக.

பாடுகிறாள் என்றால் மூச்சு இருக்கிறது. அவள் வேலை செய்யும் இடத்துக்கே போய்விடலாம், அங்கே அவளைத் தெரிந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். இண்டிகேட்டரை அணைத்தான். நேராக விட்டான்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது அவள் நெற்றி முன்சீட்டில் சாய்ந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்து, எத்தனை நிமிஷம் முன்னால் பேசினாள் என்று மட்டும் கேட்டார்.

பாடினாள் என்று ஜேக்கப் சொன்னான். அதையே எல்லோரிடமும் சொன்னான். அடக்கத்தில் ஃபாதர் அதையே பிரசங்கமாக்கினார், பாடிக்கொண்டே ஆண்டவரிடம் போன மகள் என்றார். கெம்புதூளுக்காரர்கள் தங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டார்கள். கடைசி மூச்சில் எங்கள் வரியை நிரப்பியவள் என்று எழுதினார்கள். முன்பின் பார்க்காத ஆயிரம் பேர் அழுதார்கள்.

ஜேக்கப் அழவில்லை. அவனுக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. பாடியது அவளாக இருக்க வேண்டும். அவள் பாடினாள் என்றால் மூச்சு இருந்தது. மூச்சு இருந்ததென்றால், அவன் பச்சை விளக்கைத் தாண்டிப் போனது தப்பில்லை.

ஒரு மாதம் கழித்து, அதே நேரத்தில், அதே சிடியோடு அந்த ரோட்டில் போனான். ஏன் போனான் என்று கேட்டால் தெரியாது. தூக்கம் வரவில்லை, போனான். நர்சிங் ஹோமுக்கு எதிரே நாலு தட்டு வந்தது. ஜன்னலெல்லாம் ஏற்றியிருந்தது. காருக்குள் திடீரென்று ஒரு வாசனை… பல வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாசனை. பிறகு பின்சீட்டிலிருந்து அந்தக் குரல். 'பாகிலு தெகெதே இதே.'

காரை ஓரம் கட்டினான். திரும்பிப் பார்த்தான். சீட்டுதான் இருந்தது.

அவனுக்குப் பயம் வரவில்லை. அதைத்தான் ஜேக்கப் குழந்தைசாமியிடம் திரும்பத் திரும்பச் சொன்னானாம், தனக்குப் பயமே வரவில்லை என்று. நிம்மதி வந்ததாம். அன்றிலிருந்து தினமும் நாலே முக்கால். பால். டம்ளர். சாவி.

இந்த வருஷம் கெம்புதூளு மைசூரில் கடைசியாக ஒரு நிகழ்ச்சி நடத்திவிட்டுக் கலைவதாக அறிவித்தார்கள். பாடகர் ஜேக்கப்புக்குப் போன் செய்தார். 'கொனே பஸ்' முடியும்போது நீங்கள் மேடைக்கு வரவேண்டும், வினிதாவின் கடைசி நிமிஷத்தை உங்கள் வாயால் சொல்லவேண்டும் என்றார். சரி என்றான். அவள் பெயர் போட்ட டி-ஷர்ட் நூறு அடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நிகழ்ச்சிக்கு முதல்நாள் வினிதாவின் தங்கை ஸ்வீட்டி வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூட டீச்சர். அக்காவுக்கு வால் மாதிரி எல்லா நிகழ்ச்சிக்கும் போனவள். ஹாலில் படுத்திருந்தவள், விடியற்காலையில் சாவிச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்க மாமா இந்த நேரத்துல?"

"சும்மா. ஒரு ரவுண்டு."

"டெய்லியாமே? கௌரம்மா ஆன்ட்டி நேத்தே கேட்டாங்க. 'உங்க மாமாக்கு பெட்ரோல் புக்கட்டேவா பர்த்தாயிதா'ன்னு." கௌரம்மா கீழ் வீட்டுக்காரர். பெட்ரோல் என்ன ஓசியில் வருகிறதா என்று கேட்டிருக்கிறார்.

ஜேக்கப் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டினான்.

"நானும் வர்றேன்."

"வேணாம்மா."

"மாமா, அக்கா பேரச் சொல்லி டி-ஷர்ட் அடிச்சு வெச்சிருக்காங்க. சாயங்காலம் அஞ்சாயிரம் பேர் முன்னாடி நிக்கப் போறீங்க. நீங்க என்னடான்னா, ஒரு வாரமா போன் எடுக்கல. எங்கதான் போறீங்கன்னு நான் பாக்கணும். அவ்ளோதான்."

அவன் நின்றான். கொஞ்ச நேரம் சாவியையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். இன்னொருவர் கேட்டு, ஆமாம் அக்காதான் என்று சொல்லிவிட்டால்… சாயங்காலம் மேடையில் அவனால் நிற்க முடியும். அப்படித்தான் அவன் நினைத்திருக்க வேண்டும்.

முன்சீட்டில் டி-ஷர்ட் மூட்டை இருந்தது. ஸ்வீட்டி பின்னால் ஏறினாள்.

ரிங் ரோடு. தைல மரங்கள். சாமுண்டி மலையின் விளக்குகள் பனியில் மங்கலாகத் தெரிந்தன. ஜேக்கப் சிடியைப் போட்டான். ஸ்வீட்டி கூடவே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். 'கொனே பஸ்' ஆரம்பித்ததும் அவள் முணுமுணுப்பு நின்றது. எங்கே போகிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மாமா, இந்த வழிதானா அன்னைக்கு…"

"நீ பாடாத" என்றான். "இன்னைக்கு மட்டும் காலியா விடு."

பச்சை விளக்கு தெரிந்தது. வாத்தியங்கள் நின்றன.

டக்… டக்…

வாசனை. ஸ்வீட்டி கையால் மூக்கைப் பொத்தினாள்.

குரல் அவளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. காலியாக இருந்த பாதி சீட்டிலிருந்து. அவள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில். 'பாகிலு தெகெதே இதே…' நாலாவது தட்டு முடிந்தது. கிட்டார் திரும்ப ஆரம்பித்தது. குரல் நிற்கவில்லை. அந்த 'இதே'யை இழுத்துக்கொண்டே போனது. கிட்டார் ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்று வந்தது. அப்போதும் இழுத்தது. மேலே ஏறவில்லை, கீழே இறங்கவில்லை. ஒரே சீராக… கம்பி மாதிரி.

ஜேக்கப் காரை ஓரம் கட்டிப் பாட்டை அணைத்தான். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அது இருந்தது. பிறகு இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும்.

ஸ்வீட்டி கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று ஜேக்கப்புக்குத் தோன்றியதாம்.

"கேட்டியா?" என்றான். "அக்கா."

அவள் காலியான பாதி சீட்டையே பார்த்தாள்.

"சொல்லு ஸ்வீட்டி. அவதானே?"

"மாமா…" அவள் குரல் ஒரு நூல் அளவுக்குத்தான் வந்தது. "அக்கா அந்த வரிய எப்படிப் பாடுவா?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மூணாவது தட்டுலயே முடிச்சிடுவா. மூச்சு பத்தாது அவளுக்கு. வேகமா பாடிட்டு, நாலாவது தட்டுக்கு மூச்சு இழுப்பா. நாம கிண்டல் பண்ணுவோம், ரயிலு பிடிக்கப் போறியான்னு. நீங்களும்தானே கிண்டல் பண்ணுவீங்க?"

"ம்."

"இது மூச்சே விடல, மாமா."

தைல மரங்களில் காற்று அடித்தது. எதிரே நர்சிங் ஹோம் வாசலில் காவல்காரர் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அத்தனை பக்கத்தில் இருந்தது அந்த வாசல்.

"அன்னைக்கும் இப்படித்தான் இழுத்துச்சா?"

ஜேக்கப் எஞ்சினை அணைத்தான்.

"ஆமா" என்றான்.

"அப்ப உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

ஸ்வீட்டி பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். சுற்றி வந்து அவன் ஜன்னலுக்கு நேராக நின்றாள். காருக்குள் திரும்ப ஏற மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் ஏறவில்லை. அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்தே போனாள். சாயங்காலம் மேடையில் விளக்குப் போட்டு, ஜேக்கப் என்று மூன்று தடவை மைக்கில் கூப்பிட்டார்களாம். அவன் போகவில்லை. ஐயாயிரம் பேரும் அந்த வரியைப் பாடினார்கள். ஸ்வீட்டி மட்டும் பாடவில்லை.

ஆனால் அந்த விடியற்காலையில், ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, அவள் ஒன்று கேட்டாள்.

"பாட்டுக்கப்புறம் அக்கா ஒண்ணுமே பேசலன்னு எங்ககிட்ட சொன்னீங்க, மாமா. நெஜமாவே பேசலையா?"

அவன் நர்சிங் ஹோம் கேட்டைப் பார்த்தான்.

"பேசினா."

"எப்ப?"

"இந்த கேட்டத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போயிருப்போம். திருப்பியிருந்தா ஒரு நிமிஷத்துல வந்திருக்கலாம். முன்சீட்டப் பிடிச்சிருந்த கைய எடுத்து என் தோள்ல வெச்சா. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல மூச்சு வாங்கினா. ஏதோ வெளையாடுறான்னு… இல்ல. அப்படி நெனச்சுக்கிட்டேன். திருப்பல."

"என்ன சொன்னா?"

"ஜேக்கப்… பாடுனது… நான் இல்ல."